எயார் சஸ்பென்ஷன் ஈவி காரைப் பதிக்கிறது: லிங்கா, மொடியூலா, கொயிலா, இல்ல கொம்பனி செற்றிங்கே போதுமா?

2025 பெப்ரவரியில தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்து விட்ட பிறகு எங்கட பக்கமும் ஈவி, அதுதான் எலெக்ட்ரிக் கார், கண்ணில படத் தொடங்கீட்டுது. அதில எயார் சஸ்பென்ஷனோட வாறது குறைவு, கொழும்பில பாவிச்சு வித்த ஆடி ஈ-ட்ரோன் மாதிரி ஒண்டிரண்டுதான், ஆனா அப்பிடி ஒண்டு வாங்கின பெடியன் முதல் கிழமையே கேக்கிற கேள்வி ஒண்டுதான்: "அண்ணை, ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில கை முழுசாப் போகுது, கொஞ்சம் பதிச்சா வடிவா இருக்குமே, எப்பிடிப் பதிக்கிறது?" பதிக்கிறதெண்டா காரின்ர உயரத்தைக் குறைக்கிறது. வடிவா இருக்கும்தான், நான் அதை மறுக்கேல்ல. நாலு வழி இருக்கு, நாலும் ஒண்டில்லை. வன்னியில ஓடுற காருக்கு நான் பாக்கிறது ஒரே விசயம்தான், பதிச்ச காரை வேணுமெண்ட நேரத்தில திரும்ப முழு உயரத்துக்கு ஏத்தலாமோ, ஏலாதோ. விலையெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

முதல்ல இது எப்பிடி வேலை செய்யுதெண்டு விளங்கினாத்தான் மிச்சம் விளங்கும். கம்பிச் சுருளுக்குப் பதிலா ரப்பர் பை, அதுக்குள்ள காத்து. கொம்பிரஸர் ஒண்டு, வால்வுக் கட்டை ஒண்டு, ஒவ்வொரு சில்லுக்குக் கிட்டவும் உயரம் அளக்கிற சென்சர். அந்தச் சென்சரில இருந்து சின்னக் கம்பி மாதிரி ஒரு லிங்க் போய் சில்லைத் தாங்குற கீழ் ஆர்மில பூட்டியிருக்கும், கார் ஏறி இறங்கினா அந்த லிங்க் சென்சரைத் திருப்பும், கொம்பியூற்றர் அதைப் பாத்து காத்தை விடும் இல்லாட்டி அடிக்கும். காரைப் பதிக்கிறதெண்டா, ஒண்டில் கொம்பியூற்றருக்கு நேர சொல்லிப் பதிக்கிறது, இல்ல சென்சரை ஏமாத்திப் பதிக்கிறது (லிங்க், மொடியூல் ரெண்டும் இதுதான்), இல்ல எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சு போட்டு கம்பிச் சுருள் போடுறது.

கொம்பனி செற்றிங்கில இருந்து தொடங்குவம், ஏனெண்டா கனபேர் அதைச் சரியாப் பாக்காமலே அடுத்ததுக்குப் பாயினம். டெஸ்லா மொடல் எஸ் எண்டா ஸ்கிரீனில லோ எண்டு அமத்தினாப் பதியும், ஏத்தின இடத்தை ஞாபகம் வச்சு அடுத்த முறை அதே இடத்துக்கு வரேக்க தானா ஏத்தவும் செய்யும், அது எங்கட ஒழுங்கை வாசலுக்கும் படலைத் திட்டிக்கும் எண்டே செய்து வச்ச மாதிரி ஒரு வசதி. போர்ஷ டைக்கானிலும் அப்பிடி இடம் ஞாபகம் வைக்கிற வசதி இருக்கு. ஈ-ட்ரோனில மொத்தம் 76 மில்லிமீற்றர் ஏறி இறங்கும், சாதாரண நிலையில நிலத்தில இருந்து 172 மில்லிமீற்றர், மேல 50 ஏறும், வேகத்தில 26 பதியும். பென்ஸ் ஈகியூஎஸ் சாதாரண மோட்டில மணிக்கு 120 கிலோமீற்றர் தாண்டினாத்தான் 10 மில்லிமீற்றர் பதியும், 160 தாண்டினா இன்னொரு 10. இங்க ஊருக்கு வெளியில காருக்கு 70, எக்ஸ்பிரஸ்வேயில 100, ஆக வேகத்தைப் பாத்துத் தானாப் பதியிற காரை வச்சுக் கொண்டு ஏ9 றோட்டில அது பதியும் பதியும் எண்டு காத்திருந்தாப் பதியாது. கையால மோட் மாத்திப் பதிக்கக்கூடிய கார் எண்டா அதுவே போதும் எண்டுதான் நான் சொல்லுவன், ஒரு சதம் செலவில்லை, வொறன்றி போகாது, மாங்குளத்தில திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளுக்கு இறங்கேக்க ஒரு விரலால திரும்ப ஏத்தலாம். குறை எண்டா, பெடியள் படத்தில பாக்கிற அளவுக்குப் பதியாது, சில காரில குறிச்ச வேகத்துக்கு மேல போனா, இல்ல நிப்பாட்டித் திரும்ப எடுத்தா, தன்ர பாட்டுக்கு வேற நிலைக்குப் போகும்.

இப்ப லிங்க். மலிவு இதுதான். பழைய லிங்கைக் கழட்டிப் போட்டு நீளம் மாத்தக்கூடிய ஒண்டைப் பூட்டுறது, சில காரில நீட்டோணும், சிலதில குறைக்கோணும், சென்சர் எந்தப் பக்கம் நிக்குது எண்டதைப் பொறுத்தது. சென்சர் "கார் உயரமா நிக்குது" எண்டு நினைச்சுக் காத்தை விட்டிடும், வேலை முடிஞ்சுது. அரை நாளில செய்யலாம், ஒரு வயரும் வெட்டத் தேவையில்லை. ஆனா இதில கனபேர் கணக்குப் பாக்காத விசயம் ஒண்டு இருக்கு. லிங்க் ஒரு மோட்டை மட்டும் பதிக்காது, எல்லா மோட்டையும் அதே அளவால பதிக்கும். ஈ-ட்ரோனில லிங்கால 25 மில்லிமீற்றர் பதிச்சா, மேல ஏத்தேக்க கிடைக்க வேண்டிய 50 இப்ப 25தான். கீழ பாருங்கோ, வேகத்தில தானாப் பதியிற 26 அப்பிடியே இருக்கு, அதோட உங்கட 25 சேர்ந்தா 51, நிலத்தில இருந்து மிச்சம் 121 மில்லிமீற்றர். கார் சாதாரணமா நிக்குது எண்டு கொம்பியூற்றர் நினைச்சுக் கொண்டு இருக்கும், உண்மை தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான்.

ஏ9 றோட்டில மட்டும் ஓடுற ஆள், வவுனியா, ஓமந்தை, கனகராயன்குளம், முறிகண்டியில தேங்காய் அடிச்சுக் கச்சான் வாங்கிக் கொண்டு கிளிநொச்சி, பரந்தன், அதோட சரி எண்டா 25 பதிச்சும் காலம் போகும். ஆனா இங்க ஆர் அப்பிடி ஓடுறது? சொந்தக்காரர் வீடு முத்தையன்கட்டில, வயல் வவுனிக்குளத்தில, அரை மணித்தியாலத்தில தார் முடிஞ்சு கிறவல் தொடங்கும், லொறியும் உழவு மெசினும் போய்ப் போய் ரெண்டு பக்கமும் தாண்டு நடு றோட்டு முதுகு மாதிரி நிக்கும். பெற்றோல் காரெண்டா அந்த முதுகு சைலன்ஸரில தட்டும், சத்தம் வரும், ஒட்டிப் போட்டு ஓடலாம். ஈவியில அடியில இருக்கிறது பற்றறி. ஈ-ட்ரோனில அது மட்டுமே கிட்டத்தட்ட 700 கிலோ, தரை முழுக்கப் பரந்து கிடக்குது. கீழ அலுமினியத் தட்டு இருக்குதுதான், அது கல்லுத் தெறிக்கிறதுக்கு, மதகு விளிம்பில ரெண்டரைத் தொன் காரைக் குத்தி நிப்பாட்டுறதுக்கு இல்லை.

இது நான் பயங்காட்டச் சொல்லுற கதை இல்லை. 2013 இல அமெரிக்காவில மொடல் எஸ் காருகள் றோட்டில கிடந்த இரும்பு அடியில அடிச்சு பற்றறி நெருப்புப் பிடிச்சதுக்குப் பிறகு டெஸ்லா என்ன செய்தது தெரியுமோ, அந்த நவம்பரிலயே சொப்ற்வெயாரால ஹைவே வேகத்தில கார் நிக்கிற உயரத்தைக் கூட்டிச்சுது, பிறகு 2014 மார்ச்சில அடியில டைட்டேனியக் கவசம் போட்டுது. காரைச் செய்தவனே, அதுவும் கண்ணாடி மாதிரி ஹைவே இருக்கிற நாட்டில, உயரத்தைக் கூட்டினவன் எண்டா முல்லைத்தீவு உள் றோட்டில ஓடுற நாங்கள் அதை யோசிக்கத்தான் வேணும்.

அடுத்தது ரயர். லிங்க் போட்டுப் போட்டு அலைன்மென்ட், அதுதான் சில்லுகளின்ர கோணத்தைச் சரிப்படுத்துறது, செய்யாம ஓடின காரை நாங்கள் அடையாளம் காணுறது இலகு. முன்னால நிண்டு பாத்தா ரயர் புதுசு, வெளிப்பக்கம் கட்டை நல்ல உயரமா நிக்கும். குந்தி இருந்து கையை ரயருக்குப் பின்னால விட்டு உள்விளிம்பைத் தடவிப் பாருங்கோ, ஒரு பக்கம் தடவேக்க வழுக்கும், மற்றப் பக்கம் தடவேக்க வாள் பல்லு மாதிரிக் கீறும், இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போனா ரப்பர் முடிஞ்சு கம்பி விரலில குத்தும். கார் பதிய சில்லின்ர மேல்பக்கம் உள்ளுக்குச் சாயும், அது காம்பர், அதோட சில்லு பாக்கிற திசையும் மாறும், அது டோ. எல்லாரும் காம்பரைத்தான் திட்டுறவை, உண்மையில ரயரை வேகமாத் தின்னுறது டோ பிழைச்சால்தான். மொடல் எஸ் எண்டா பின் சில்லில காம்பரைத் திருத்த கொம்பனி ஆர்மில வழியில்லை, வேற ஆர்ம் வாங்கிப் போடோணும், அந்தக் காசையும் லிங்கின்ர விலையோட கூட்டித்தான் மலிவோ இல்லையோ எண்டு பாக்கோணும். அதோட கனக்கக் காருகளில ஹெட்லைற் தானா ஏறி இறங்கிறதும் இதே சென்சரைப் பாத்துத்தான், முன்னுக்கு ஒரு அளவும் பின்னுக்கு ஒரு அளவும் பதிச்சா வெளிச்சம் ஒண்டில் எதிர வாறவன்ர கண்ணில, இல்ல உங்கட மூக்குக்கு முன்னால விழும். ராவில மாடு படுத்துக் கிடக்கிற றோட்டில ரெண்டாவது எவ்வளவு ஆபத்தெண்டு இங்க ஓடுற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மொடியூல் எண்டது லிங்க் செய்யிற அதே ஏமாத்து வேலையைக் கரண்டால செய்யிறது. சென்சருக்கும் கொம்பியூற்றருக்கும் நடுவில ஒரு சின்னப் பெட்டி, ஃபோனில ஒரு அப், "இவ்வளவு பதி" எண்டா பதியும், "பழைய மாதிரி" எண்டா கொம்பனி உயரத்துக்கே திரும்பும். லிங்கை விட எனக்கு இது பிடிக்கிறதுக்குக் காரணம் அதுதான், கிறவலில இறங்க முதல் நிண்டு பழைய அளவுக்குக் கொண்டு வந்தா மேல இருக்கிற 50 உம் முழுசா உங்கட கையில. அலைன்மென்ட், ஹெட்லைற் பிரச்சினை இதிலும் அப்பிடியேதான், சென்சரை ஏமாத்தினா ஏமாத்தினதுதான். விலை கூட. இங்க இன்னொரு தலையிடி, தூசியும் ஈரமும். பிளக்குக்குப் பிளக் பூட்டுற வயரிங்கோட வாறதை மட்டும் வாங்குங்கோ, வயரை வெட்டி ரேப் சுத்துற சாமான் வேண்டாம், மாரி மழைக்கு ரெண்டு தரம் தண்ணிக்குள்ளால போய் வர அந்த மூட்டு பச்சை பிடிச்சு சஸ்பென்ஷன் லைற் எரியும், எரிஞ்சா கார் உயரத்தை மாத்த மறுக்கும். பழைய ஆடி, ஃபோக்ஸ்வாகன் எண்டா பெட்டியும் வேண்டாம், டயக்னொஸ்டிக் கொம்பியூற்றரால உயர அளவை மாத்திக் குடுத்தே பதிக்கலாம், ஆனா அதுவும் லிங்க் மாதிரி எல்லா மோட்டையும் சேத்துத்தான் இறக்கும்.

கொயில்ஓவர். காத்துப் பையைக் கழட்டி கம்பிச் சுருள் போடுறது. இதுக்கு ஆதரவாச் சொல்ல ஒரு நல்ல நியாயம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது: காத்துப் பை ஒரு நாளைக்கு ஒழுகத்தான் போகுது, மடிப்புக்குள்ள செம்மண் தூசி ஏறி அராவ அராவ இன்னும் கெதியா ஒழுகும், ஒழுகினா சாமான் வெளியில இருந்து வரோணும், கம்பிச் சுருள் எண்டா கிளிநொச்சியில எந்தக் கராஜிலயும் கை வைப்பினம். சரி. ஆனா பதிக்கிறதுக்காக இதைச் செய்யிறது எனக்கு அறவே சம்மதமில்லை. பதிச்ச உயரத்தில கார் நிரந்தரமா நிக்கும், ஏத்துறதெண்டா காரைத் தூக்கி சில்லைக் கழட்டி ஸ்பானரால திருகோணும். கொம்பியூற்றருக்குக் காத்தைக் காணேல்ல எண்டு பிழை காட்டாம இருக்க அதுக்கு வேற ஒரு பெட்டி. எல்லாத்துக்கும் மேல, பாரம் ஏத்தினாலும் கார் ஒரே உயரத்தில நிக்கிற குணம் போயிடும். ஊருக்குப் போட்டு வரேக்க அஞ்சு பேர், பின்னுக்கு ரெண்டு மூட்டை அரிசி, பிலாப்பழம், இது எல்லார் வீட்டிலயும் நடக்கிறது, காத்துப் பை எண்டா கொஞ்சம் காத்தடிச்சுச் சமாளிக்கும், கம்பிச் சுருள் எண்டா பின்பக்கம் இருந்திடும், ஏற்கெனவே பதிச்ச காரில அதுக்கு மேல இருக்க இடம் எங்க இருக்கு?

ரேஞ்ச் கூடும் எண்டு சொல்லி விக்கிறவையும் இருக்கினம். காத்துத் தடை வேகத்தின்ர வர்க்கத்தோட ஏறுறது, 120 இல இருக்கிறதில மூண்டில ஒரு பங்குதான் 70 இல இருக்கும், ஆகவே ஐரோப்பா ஹைவேயில பதிக்கிறதால கிடைக்கிற லாபம் ஏ9 இல கிடைக்காது. ரேஞ்சுக்காகப் பதிக்கிறதெண்டா ரயர் காத்தைச் சரியா வச்சாலே கூடக் கிடைக்கும். ஓட்டச் சுகம் பாத்தா, பதிஞ்ச காத்துப் பைக்குள்ள காத்தின்ர இடம் குறைய அது இறுகும், சஸ்பென்ஷன் கடைசியா முட்டி நிக்கிற பம்ப் ஸ்ரொப்புக்கும் கிட்ட வந்திடும், பள்ளத்தில விழேக்க "டக்" எண்டு ஒரு அடி முள்ளந்தண்டில தெரியும்.

என்னைக் கேட்டா, வீடு தார் றோட்டோட இருந்து மோட் மாத்திப் பதிக்கக்கூடிய கார் வச்சிருந்தா கொம்பனி செற்றிங்கோட நில்லுங்கோ, பதிச்ச நிலையிலதான் கூட ஓடுறதெண்டா ரயர் உள்விளிம்பை இடைக்கிடை கையால தடவிப் பாருங்கோ. அது காணாதெண்டா மொடியூல், அதுக்குக் காசு சேரும் வரைக்கும் பொறுங்கோ. லிங்க்தான் வேணுமெண்டு நிண்டா 15 மில்லிமீற்றரோட நிப்பாட்டுங்கோ, கண்ணுக்கு வித்தியாசம் தெரிய அது போதும். கொயில், வேண்டாம். காத்துப் பை நாலும் செத்து மாத்த வழியே இல்லாத காரெண்டா கொம்பனி உயரத்திலயே போடுங்கோ, அதை நான் ஏத்துக் கொள்ளுவன்.

எந்த வழி எண்டாலும் வேலைக்கு விட முதல் நாலு சில்லிலயும் சில்லு நடுவில இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வையுங்கோ, நிலத்தில இருந்து அளந்தா ரயர் தேய்மானம் கணக்கைக் குழப்பும். தூக்க முதல், கார் தானா உயரத்தை மாத்திறதை நிப்பாட்டுற ஜாக் மோட் போடோணும், இல்லாட்டி கார் தூக்கின நிலையிலயே தன்னைச் சரிப்படுத்தப் பாக்கும், ஜாக்கைப் பற்றறித் தட்டில வைக்க ஒருத்தரையும் விடக்கூடாது, லிங்கைக் கழட்டேக்க கார் திடீரெண்டு காத்தை விட்டு இறங்கும், அந்த நேரம் மட்காட்டுக்குள்ள தலையோ கையோ இருக்கக் கூடாது. முடிஞ்சாப் பிறகு, நீங்கள் கூடுதலா ஓடுற உயரத்தில வச்சு அலைன்மென்ட், அந்தப் பேப்பரை வாங்கி வையுங்கோ. இன்சூரன்ஸ்காரருக்கு முதலே எழுத்தில அறிவியுங்கோ. உயரமா ஏத்தி வச்சுக் கொண்டு பெடலை அமத்தி இழுக்காதீங்கோ, அக்ஸில் மூட்டு அந்தக் கோணத்தில அதிரும், மொடல் எக்ஸ் வச்சிருக்கிற கனபேர் லோவிலயே ஓடுறது அந்த அதிர்வுக்காகத்தான், கிறவலில ஏத்தினா மெதுவாப் போய், தாருக்கு வந்தாப் பிறகு இறக்கிப் போட்டு ஓடுங்கோ.