புதுச்சேரியில் சொந்த வீடு: சோலை நகர்ப் பக்கமா, லாஸ்பேட்டையா?

பாண்டியில் வீடு தேடுகிறவர்கள் கடைசியில் இரண்டு பக்கங்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் கடலோரம்: குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அவற்றை ஒட்டிய முத்தியால்பேட்டையின் கிழக்குப் பகுதி. இன்னொரு பக்கம் மேட்டில் இருக்கும் லாஸ்பேட்டை, அதைத் தாண்டினால் கோரிமேடு. நான் வாங்கியது லாஸ்பேட்டையில். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கடலோரத்தின் நல்லவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடற்கரைக்கு நடந்தே போகலாம், நேரு வீதியும் பெரிய மார்க்கெட்டும் பக்கம், மே மாதத்தில் கடல்காற்று முதலில் அங்கேதான் வந்து சேரும். லாஸ்பேட்டையில் பள்ளி, கல்லூரிகள் அருகில், ஜிப்மர் மருத்துவமனை கிட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பதும் சுலபம். டவுனுக்கு வர வண்டி வேண்டும். காலையிலும் மாலையிலும் சிக்னல்களில் நிற்க வேண்டும். இவை வாங்கும் முடிவை மாற்றக்கூடாது. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது உப்பு.

கடலோர வீட்டுக்கு உப்பு இரண்டு வழியில் வருகிறது. காற்றில் வருவது கம்பி, கிரில், ஏசி, வண்டி எல்லாவற்றையும் தின்கிறது. நிலத்தடி நீரில் வருவது குழாய், மோட்டார், பாத்ரூம் சுவர், கட்டும்போதே கான்கிரீட்டுக்குள் என்று நுழைகிறது. காற்றில் இருக்கும் உப்பு கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரில்தான் மிக அதிகம்; உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். அதனால் ஒரே முத்தியால்பேட்டை என்றாலும் கடலைப் பார்த்த தெருவும் காந்தி வீதிக்கு மேற்கே உள்ள தெருவும் பராமரிப்பில் வேறு வேறு.

கான்கிரீட்டுக்குள் நடப்பது இது. உப்பில் இருக்கும் குளோரைடு மெல்ல ஊடுருவிக் கம்பியை எட்டியதும், கம்பியைக் காக்கும் மெல்லிய படலம் உடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் கம்பி ஓடும் வழியிலேயே நேர்க்கோட்டில் விரிசல் விழும், பிறகு காரை பாளமாகப் பெயரும். சுவரில் கோணலாக ஓடும் மயிரிழை விரிசலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் சீலிங்கில் நேராக ஓடும் விரிசலைப் பெயின்ட் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

இந்திய தரக்குறியீடு 456 கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் கடுமையான வகையில் வைக்கிறது: குறைந்தது எம்30 தரம் (எம் எண் கூடக் கூட கான்கிரீட் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் பருமன். கடல்நீர்த் துளி நேரடியாகப் படும் இடமென்றால் எம்35, 50 மி.மீ. ஆனால் ஊரில் பல வீடுகளில் சன்ஷேடுக்கு 15, 20 மி.மீ. கவர்கூட இருப்பதில்லை. கலவைக்கு ஊற்றும் தண்ணீரிலும் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் எல்லை. உப்புத் தண்ணீர் போர்வெல் இருக்கும் மனையில், அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டுத் தளத்துக்கும் ஊற்றியிருந்தால், வீடு முதல் நாளிலிருந்தே உள்ளேயிருந்து துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். எந்தத் தண்ணீரில் கட்டினீர்கள் என்று உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள். லாரித் தண்ணீர் என்று சொன்னால் தளம் போட்ட வாரத்துக்கு மட்டுமா, கடைசிவரையா என்றும் கேளுங்கள்.

வீடு பார்க்கப் போனால் ஹாலையும் கிச்சனையும் பார்ப்பதற்கு முன் நான்கு இடங்களை நிமிர்ந்து பாருங்கள்: சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனியின் அடிப்பக்கம், மேல்தொட்டியின் அடித்தளம், பாத்ரூம் சீலிங். பழுப்புக் கறை இருக்கிறதா, புதிதாகப் பூசிய சதுரத் திட்டு தெரிகிறதா? சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும்; பிரிந்து நிற்பது பொத்தென்று ஒலிக்கும். விற்பதற்கு முன் அடித்த புது வெள்ளை கறையை மறைக்கும், இந்த ஒலியை மறைக்காது.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் வைத்துப் பூசினால் அது நிற்காது. சரியான வேலை என்றால், கம்பிக்குப் பின்னாலும் ஒரு 20 மி.மீ. உடைத்து எடுத்து, கம்பியை முழுவட்டமாகத் துருநீக்கி, பருமன் கால் பங்குக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, துத்தநாகப் பிரைமர் அடித்து, ஒட்டுப்பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். செய்த இடம் நிற்கும்; அதை ஒட்டிய பழைய பகுதியில் அடுத்து தொடங்கும். இந்தச் செலவுக்கு முடிவே இல்லை என்பதால்தான் கடலோரத்தை என்னால் வாங்குவதற்குப் பரிந்துரைக்க முடியவில்லை.

சின்னச் செலவுகளும் உண்டு. கிரில்லுக்கு 304 ரக எவர்சில்வர் போட்டால் பழுப்புப் புள்ளி விழும். 316 வேண்டும், விலை கூட. ஜன்னல் யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) என்றால் சட்டம் துருப்பிடிக்காது, ஆனால் உள்ளே இருக்கும் கொண்டி, திருகு எல்லாம் இரும்பாக இருக்கக்கூடாது. ஏசியின் வெளி யூனிட்டை கடலைப் பார்க்காத சுவரில் மாட்டி, நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவிவிட வேண்டும்.

தண்ணீரைச் சோதிக்க, அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்று போதும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 2000 வரை என்பது தரக்குறியீடு. டிசம்பரில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். மழை இறங்கியதும் எண் குறைந்து காட்டும். மே மாத அளவுதான் உண்மை.

கடலோரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு வடக்குக் குப்பங்களின் கரை அரிக்கப்பட்டது; அங்கே பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கல் கொட்டியிருப்பது அதனால்தான். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்காற்று விதிகள் வரும். பின்னால் மாடி கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணி வாங்குகிறவர்கள், அந்த அனுமதி கிடைக்குமா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே நகர அமைப்புக் குழுமத்தில் கேட்டுவிட வேண்டும்.

லாஸ்பேட்டைக்கு வருவோம். விமான நிலையத்தின் தரைமட்டம் கடலுக்கு மேல் சுமார் 40 மீட்டர். செம்மண் மேடு, கடலிலிருந்து விலகியது. துரு வேலை இங்கும் உண்டு, ஆனால் பல ஆண்டுகள் தள்ளி வரும். குறை என்றால், போர் ஆழமாகப் போட வேண்டும், கோடையில் செம்மண் தூசி அதிகம், சரிவான மனையில் சுற்றுச்சுவர் அடித்தளத்தை மழைநீர் அரிக்கும். இவை மூன்றும் ஒருமுறை சரியாகச் செலவு செய்தால் அடங்குகிறவை.

ஆனால் 'லாஸ்பேட்டை' என்று புரோக்கர் சொல்வதெல்லாம் மேடு அல்ல. மேட்டில் விழும் மழை கிழக்கே சரிந்து தாழ்வான பகுதிகளுக்கு வருகிறது. கிருஷ்ணா நகரும் ரெயின்போ நகரும் ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீரில் நிற்பது அதனால். 2024 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அந்த நகர்களில் வீடுகள் அழகு, தெருக்கள் அகலம், விலையும் குறைவில்லை. வாங்குவதானால் தரைத்தளம் வேண்டாம். வேறு எங்கே பார்த்தாலும் வீட்டுத் தரை சாலையின் நடுமுதுகைவிட இரண்டடியாவது உயர்ந்திருக்கிறதா, சம்ப் வாய் தரைமட்டத்திலேயே இருக்கிறதா, ஸ்விட்ச் பாக்ஸ்களை மேலே மாற்றிய தடம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, வீடு உயர்வதில்லை.

ரெட்டியார்பாளையத்தில் விலைக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும், வில்லியனூர் சாலை நெரிசல்தான் பிரச்சினை. அங்கே நான் குடியிருந்ததில்லை. தெருவுக்குத் தெரு வடிகால் மாறுவதால் பக்கத்து வீட்டாரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் இந்தக் கணக்குக்குள் வராது.

வாடகைக்கு என்றால் என் பதில் தலைகீழ். சோலை நகரிலோ குருசுக்குப்பத்திலோ தயங்காமல் போங்கள்: உப்பின் செலவு உரிமையாளருடையது, காற்று உங்களுடையது. முதல் மாடியாகவும், குடிக்கவும் சமைக்கவும் பொதுப்பணித்துறைக் குழாய்த் தண்ணீர் வரும் வீடாகவும் பாருங்கள். சொந்தமாக அங்கேதான் வேண்டும் என்று மனம் நின்றுவிட்டால், பழைய வீட்டுக்குக் கட்டட மதிப்பு பேசாதீர்கள். மனைக்கு மட்டும் விலை பேசி, இடித்துக் கட்டும் செலவை எம்30, 45 மி.மீ. கவர், வெளியிலிருந்து கொண்டுவரும் நல்ல தண்ணீர் மூன்றையும் சேர்த்துப் போட்டு, அதற்குப் பிறகும் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள்.