மான் வேட்டைக்கு எந்த காலிபர்? .243 முதல் .30-06 வரை ஓர் ஒப்பீடு

சட்டப்படி மான் வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில், முதல் ரைஃபிள் வாங்கப் போகும் எவரும் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்ல ஆளுக்கொரு கட்சி இருக்கிறது. .270 போதும் என்பார் ஒருவர், 6.5 கிரீட்மோர் வந்தபின் மற்றதெல்லாம் எதற்கு என்பார் இன்னொருவர், .30-06-ஐ விட்டு நகரவே மாட்டார் மூன்றாமவர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானுக்குப் பொருத்தமான காலிபர்கள் என்று பெயரெடுத்தவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் சிறியது. ஒரே காலிபரில் இரண்டு வகைக் குண்டுகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரியது. காசையும் யோசனையும் இந்த இரண்டாவது விஷயத்தில் போட வேண்டும். ஆனால் பெரும்பாலோர் முதல் விஷயத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

காலிபர் என்பது குண்டின் ஏறத்தாழ விட்டத்தை வைத்துத் தோட்டாவுக்கு வைத்த பெயர்: .308 என்றால் அங்குலத்தில், 6.5 என்றால் மில்லிமீட்டரில். இந்தக் கட்டுரையில் தோட்டா என்று சொல்வது உறை, வெடிமருந்து எல்லாம் சேர்ந்த முழுப் பொருளை. குண்டு என்பது குழலை விட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும். குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ 15.4 கிரெயின்.

மானுக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு ஆற்றல்?

நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம். விரியக்கூடிய ஒரு குண்டு அந்த வட்டத்துக்குள் நுழைந்து, இரண்டு நுரையீரலையும் கிழித்துச் சென்றால் மான் சில வினாடிகளில் விழுந்துவிடும். விலங்கு படும் அவஸ்தையைக் குறைப்பதற்கு வேறு குறுக்குவழி கிடையாது. குண்டு படும் இடத்தில் சுமார் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர்களிடையே பழகிப்போன கணக்கு. அதை விஞ்ஞான விதியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் எந்தத் தூரத்துக்கு மேல் சுடக் கூடாது என்று முடிவு செய்ய அது நல்ல வேலி.

இந்த வேலியை வைத்துப் பார்த்தால், கீழே வரும் தோட்டாக்களில் .30-30, .350 லெஜண்ட் இரண்டைத் தவிர எல்லாமே 300 கெஜம் வரை மானுக்குப் போதும். இன்னொன்றையும் பாருங்கள். 200 கெஜத்துக்கு ஸ்கோப்பை (ரைஃபிளின் மேல் பொருத்தும் குறிநோக்கியை) சரிசெய்து வைத்தால், கூர்முனைக் குண்டு 300 கெஜத்தில் எவ்வளவு கீழே இறங்கும்? .270-இல் ஆறேழு அங்குலம். .243, 6.5 கிரீட்மோர், .30-06 மூன்றும் ஏழெட்டு. .308 எட்டொன்பது. இதற்காகத்தான் இத்தனை சண்டை. இரண்டு மூன்று அங்குல வித்தியாசத்தைவிட, மூச்சு வாங்கிக்கொண்டு மரத்தில் சாய்ந்தபடி சுடுபவரின் கை நடுக்கம் பெரியது.

.243 வின்செஸ்டரா, 6.5 கிரீட்மோரா?

புதிதாக வருபவர்கள், உடல் சிறிய ஆட்கள், சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதைக்கு அஞ்சுபவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான்.

.243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது. .308-இன் உறையை எடுத்து, கழுத்தை ஒடுக்கிச் செய்தது. 100 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 2,960 அடி வேகத்தில் கிளம்பும். குழல் முனையில் 1,945 அடி-பவுண்டு. 300 கெஜத்தில் அது 1,000-க்குச் சற்று மேலே நிற்கும். உதை மிகக் குறைவு. எட்டு பவுண்டு ரைஃபிளில் ஏறத்தாழ 9 அடி-பவுண்டு என்றால், பயிற்சியில் ஒரு பெட்டி முழுவதும் சுட்டாலும் தோள் வலிக்காது.

6.5 கிரீட்மோர் 2007-இல் ஹார்னடி நிறுவனம் இலக்குச் சுடுதல் போட்டிகளுக்காக உருவாக்கியது. வேட்டையில் அது பிறகுதான் நுழைந்தது. 143 கிரெயின் குண்டு, 2,700 அடி வேகம். வேகத்தில் .243-ஐவிடப் பின்தங்கியதாகத் தெரியும். ஆனால் குண்டு நீளமாக, ஒல்லியாக இருப்பதால் காற்றின் தடையை நன்றாக வெட்டிச் செல்கிறது. 300 கெஜத்தில் 1,500 அடி-பவுண்டுக்கு மேல் மிச்சம் வைக்கிறது. பக்கக் காற்றில் குறைவாகவே விலகுகிறது. உதை 12 அடி-பவுண்டு அளவில்.

.243-இல் எனக்குள்ள தயக்கம் வேறு. சரியான கோணத்தில் நின்ற மானை அது தடையில்லாமல் வீழ்த்தும். மான் சற்றுத் திரும்பி, தோள் எலும்பு குறுக்கே வந்தால், இலேசான, வேகமான குண்டு ஆழம் போகாமல் உடையும் வாய்ப்பு இருக்கிறது. அங்கே 6.5-இன் நீளக் குண்டு நிதானமாக உள்ளே போகும். ஆகவே .243 என்பது அனுபவமில்லாதவரின் துப்பாக்கி என்ற பேச்சு பாதி உண்மைதான். உதை குறைவு என்பதால் பழகுவதற்கு அது சுலபம்; ஆனால் எந்த நேரத்தில் சுடாமல் விட வேண்டும் என்ற நிதானத்தையும் அது கேட்கிறது.

இதே வரிசையில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: 1980-இல் ரெமிங்டன் வெளியிட்ட 7 மிமீ-08. அதுவும் .308 உறையின் பிள்ளைதான். 140 கிரெயின், 2,800 அடிக்கு மேல். உதை 6.5-ஐ ஒட்டியே, வேலை .270-ஐ ஒட்டியே. காட்டுக்குள் 300 கெஜத்துக்குள் மட்டுமே சுடுபவருக்கு இதைவிடச் சமநிலையான தோட்டா இல்லை என்பது என் கருத்து. குறை ஒன்றுதான். கடையில் .308-க்குப் பத்து வகை இருந்தால் இதற்கு இரண்டு மூன்றுதான் இருக்கும்.

.270, .308, .30-06: மூன்று பழைய பெயர்கள்

மூன்றில் மூத்தது .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு. 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டதால்தான் பெயரில் 06. 1925-இல் அதே குடும்பத்து உறையின் கழுத்தை ஒடுக்கி வின்செஸ்டர் .270-ஐக் கொண்டுவந்தது. .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது.

.270 இந்த மூவரில் வேகமானது. 130 கிரெயின் குண்டு 3,060 அடியில் போகும். பாதை மிகத் தட்டை. திறந்த மலைச்சரிவுகளில், தூரத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி இல்லாத காலத்தில், இந்தத் தட்டையான பாதைதான் அதற்குப் புகழ் சேர்த்தது. இன்று கையடக்க லேசர் தூரமானி எல்லோரிடமும் இருக்கிறது. அந்த அனுகூலத்தின் மதிப்பு குறைந்துவிட்டது. தோட்டாவின் திறமை குறையவில்லை.

.308-இன் பலம் அதன் எளிமை. உறை குட்டை என்பதால் ரைஃபிளில் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் பகுதியும் குட்டை. துப்பாக்கி சற்று இலேசாகவும் கச்சிதமாகவும் அமையும். குழலை 20 அங்குலமாகக் குறைத்தாலும் வேகம் அதிகம் விழாது. சத்தம் குறைக்கும் கருவி அனுமதிக்கப்பட்ட நாடுகளில், குட்டைக் குழலில் அதைப் பொருத்திக்கொள்பவர்கள் .308-ஐத் தேடுவது இதனால்தான். 150 கிரெயின், 2,820 அடி, உதை 16 அடி-பவுண்டு அளவில்.

.30-06 அதே 150 கிரெயின் குண்டை 2,910 அடியில் அனுப்பும். அதாவது 90 அடிதான் கூடுதல். அந்த 90 அடியை எந்த மானும் உணரப் போவதில்லை. அப்படியானால் .30-06 எதற்கு? 180 கிரெயினும் அதற்கு மேலும் உள்ள குண்டுகளை அது சிரமமில்லாமல் தள்ளும். மானோடு எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குகளுக்கும் ஒரே ரைஃபிள் வேண்டும் என்பவருக்கு அதுதான் பொருள். மான் மட்டும் என்றால், கூடுதல் உதையைச் சும்மா சுமக்கிறீர்கள்.

எனவே இந்த மூன்றில் மானுக்கு மட்டும் ஒன்று எடு என்றால் .308-ஐ எடுப்பேன். திறந்த வெளியே தன் வேட்டைக்களம் என்றிருப்பவர் .270 எடுத்தால் மறுப்பதற்கு என்னிடம் காரணம் இல்லை.

அடர்ந்த காடும் குறுகிய தூரமும்

100 கெஜத்துக்கு மேல் கண்ணுக்கே தெரியாத காடுகளில் .30-30 வின்செஸ்டர் இன்னும் உயிரோடிருக்கிறது. 1895-இல் வந்த தோட்டா; 150 கிரெயின், 2,390 அடி. 200 கெஜத்துக்குள்ளாகவே 1,000 அடி-பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடும். அதனால் 150 கெஜத்தைத் தாண்டக் கூடாது. லீவர் ரைஃபிளின் குழாய் மேகசினில் (தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாயில்) ஒரு குண்டின் முனை அடுத்த தோட்டாவின் பிரைமரில், அதாவது அடியில் தட்டினால் தீப்பிடிக்கும் மூடியில், இடித்து நிற்பதால், இதற்குத் தட்டை முனைக் குண்டுகளையே போட வேண்டும். கடினமான கூர்முனை போட்டால் உதையின் அதிர்ச்சியில் மேகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். மென்மையான பாலிமர் முனை கொண்ட, இதற்கென்றே செய்த தோட்டாக்கள் இப்போது கிடைக்கின்றன.

2019-இல் வந்த .350 லெஜண்ட் வேறொரு தேவைக்கு. அமெரிக்காவின் ஒஹையோ போன்ற சில இடங்களில் கழுத்து ஒடுங்கிய தோட்டாக்களுக்கு மான் வேட்டையில் அனுமதி இல்லை. நேரான உறை கொண்டவைதான் செல்லும். அங்கே வேட்டையாடுபவர் பார்க்கலாம். மற்றவருக்கு அவசியமில்லை.

.300 வின்செஸ்டர் மேக்னம் போன்றவை மானுக்குத் தேவையில்லை. உதை கண்ணை மூட வைக்கும், டிரிகரை வெடுக்கென்று இழுக்க வைக்கும், கிட்டத்தில் சுட்டால் இறைச்சியும் பாழ்.

உண்மையான தேர்வு: குண்டு

கடை அலமாரியில் ஒரே .308 என்று எழுதிய பெட்டிகளுக்குள் நான்கு விதமான குணங்கள் இருக்கின்றன.

சாதாரண மென்முனைக் குண்டு, அதாவது செம்பு உறைக்குள் ஈயம், முனையில் ஈயம் வெளியே தெரிவது. 1939-இல் வந்த ரெமிங்டன் கோர்-லாக்ட் இந்த வகை. விலை குறைவு, மானின் மென்மையான உடலில் நன்றாக விரியும். மிதமான வேகத்தில் செல்லும் .308, 7 மிமீ-08 போன்றவற்றுக்கு இது தாராளமாகப் போதும். 3,000 அடியைத் தாண்டும் தோட்டாக்களில், கிட்டத்தில் எலும்பில் பட்டால் உறையும் ஈயமும் பிரிந்துபோகலாம்.

பாலிமர் முனை வைத்த, காற்றைக் கிழிக்கும் வடிவக் குண்டுகள் தூரத்துக்கு ஏற்றவை. வேகமாக விரியும். 50 கெஜத்தில் தோளில் பட்டால் இறைச்சியில் பெரிய பகுதி இரத்தம் கட்டி வீணாகும். விலா எலும்புக்குப் பின்னால் மட்டும் சுடுபவருக்குக் கவலையில்லை.

உறையையும் ஈயத்தையும் ஒட்டவைத்த பாண்டட் குண்டுகளும், நடுவில் தடுப்புச்சுவர் வைத்த நோஸ்லர் பார்ட்டிஷனும் ஆழம் போவதற்கானவை. ஜான் நோஸ்லர் பார்ட்டிஷனை வடிவமைத்தது, சேறு அப்பிய ஒரு மூஸிடம் அவருடைய அதிவேகக் குண்டுகள் உடைந்து தோற்ற பிறகு. .243 வைத்திருப்பவருக்கு இந்த வகையைத்தான் பரிந்துரைப்பேன். முன்பு சொன்ன தோள் எலும்புப் பயம் இதில் பெருமளவு தீரும்.

நான்காவது, முழுக்கச் செம்பால் ஆன குண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஈயக் குண்டு உடலுக்குள் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டிப் பரவுகின்றன. எக்ஸ்-ரே படங்களில் அவை தெளிவாகத் தெரிகின்றன. வீட்டுக்குக் கொண்டுபோகும் இறைச்சியிலும் அந்த ஈயம் வரலாம். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் போகிறது. கலிபோர்னியக் கொண்டோர் கழுகுகளை ஈய நஞ்சு கொன்றதால்தான் அந்த மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முழுமையாகத் தடை செய்தது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் தோட்டாக்களிலும் தடையைக் கொண்டுவந்தது. குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் நான் செம்பையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

ஆனால் செம்புக்குச் சில நிபந்தனைகள் உண்டு. செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும்; குழலின் உட்பள்ளங்கள் கொடுக்கும் சுழற்சி போதாவிட்டால் பறக்கும்போது தடுமாறும். ஆகவே வழக்கமான எடையிலிருந்து ஒரு படி இறங்குங்கள்: .308-இல் 150-க்குப் பதில் 130. விரிவதற்கு வேகமும் வேண்டும். படும் இடத்தில் வினாடிக்கு 1,800 முதல் 2,000 அடியாவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட தூரத்தில் வேகம் அதற்குக் கீழே போனால், குண்டு விரியாமல் ஊசித் துளை போட்டுவிட்டுப் போய்விடும்.

முழு உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டுகள் மானுக்கு வேண்டவே வேண்டாம். அவை விரியாது, மான் காயத்தோடு வெகுதூரம் ஓடிச் சாகும். பல இடங்களில் சட்டமும் தடுக்கிறது.

சட்டம் முடிவு செய்துவிடும் இடங்கள்

வாங்கும் முன் அந்தந்த ஊர் விதியைப் பாருங்கள். ஜெர்மனியில் ரோ மான் எனும் சிறிய மானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் இருந்தால் போதும். மற்ற குளம்பு விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மிமீ விட்டமும் 100 மீட்டரில் 2,000 ஜூலும் வேண்டும். .243 அங்கே பெரிய செம்மானுக்குச் செல்லாது. விவாதம் அதோடு முடிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய மான்களுக்கு .240 அங்குலமும் 1,700 அடி-பவுண்டும் குறைந்தபட்சம்; .243 தேறிவிடும். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர், 70 கிரெயின், விரியும் குண்டு.

ரைஃபிளும் ஒரு கட்சிதான்

காலிபரையும் குண்டு வகையையும் முடிவு செய்தபின், அந்த வகையில் இரண்டு மூன்று நிறுவனங்களின் பெட்டிகளை ஒவ்வொன்று வாங்கி, மேசையில் ஊன்றி 100 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி ரைஃபிள்கள் இரண்டு, ஒரே தோட்டாவை வெவ்வேறு விதமாக எடுத்துக்கொள்ளும். மூன்று குண்டுகளும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழும் பெட்டி எதுவோ அதுவே உங்களுடையது, விலை குறைந்ததாக இருந்தாலும் சரி. பிறகு அதே தயாரிப்புத் தொகுதி எண் அச்சிட்ட பெட்டிகளைச் சேர்த்து வாங்கி, அந்தத் தோட்டாவிலேயே ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். அப்புறம் மேசையை விட்டு எழுந்து, மண்டியிட்டும் உட்கார்ந்தும் அந்த 8 அங்குல வட்டத்தில் சுட்டுப் பழகுங்கள். எந்தத் தூரத்தில் குண்டுகள் வட்டத்துக்கு வெளியே போகத் தொடங்குகின்றனவோ, பெட்டியில் என்ன எண் அச்சிட்டிருந்தாலும் உங்கள் எல்லை அதற்கு முன்னாலேயே முடிகிறது.

உறையின் அடியில் பொறித்த பெயரும் குழலில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். .308 குடும்பத்துத் தோட்டாக்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டு ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஒரு பையில் ஒரு காலிபர் தோட்டாவை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும்.