ஹெச்ஏபிராக்ஸி + கீப்அலைவ்ட்: சில வருடம் ஓட்டிப் பார்த்ததில்

இரண்டு லினக்ஸ் விஎம் (மெய்நிகர் சர்வர்), வரும் ரிக்வெஸ்ட்டுகளைப் பின்னாலுள்ள சர்வர்களுக்குப் பிரித்து அனுப்ப இரண்டிலும் ஹெச்ஏபிராக்ஸி, பொது ஐபியை இரண்டுக்கும் நடுவில் மாற்றிக்கொடுக்க கீப்அலைவ்ட். பின்னால் வெப் சர்வர்கள், அதற்கும் பின்னால் ஒரு டேட்டாபேஸ். சில வருடமாக இதே அமைப்பைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். எப்படி நிறுவுவது என்று சொல்லப்போவதில்லை, அதற்கு நிறைய இடம் இருக்கிறது. என் அனுபவத்தில் ஒரு சர்வர் முழுசாகச் செத்துப்போனால் இந்த அமைப்பு அருமையாக வேலை செய்கிறது. அரை உயிரோடு இழுத்துக்கொண்டிருந்தால்தான் தலைவலி. எதைச் செத்ததாகக் கணக்கில் எடுப்பது என்று நாம்தான் அதற்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஐபியை வைத்திருக்கும் சர்வர் மாஸ்டர், காத்திருப்பது பேக்கப். மாஸ்டர் விநாடிக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் விஆர்ஆர்பி (கீப்அலைவ்ட் பேசும் புரோட்டோகால்) பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கும். பேக்கப்பின் பிரையாரிட்டி (யார் மாஸ்டர் என்று தீர்மானிக்கும் எண், பெரியதே வெல்லும்) 100 என்றால், சுமார் 3.6 விநாடி எந்தப் பாக்கெட்டும் வராவிட்டால் அது ஐபியை எடுத்துக்கொண்டு, இந்த ஐபி இனி என்னிடம் என்ற ஏஆர்பி அறிவிப்பை நெட்வொர்க்கில் அனுப்பிவிடும். நாமே கீப்அலைவ்டை நிறுத்தினால் பிரையாரிட்டி 0 என்று சொல்லிவிட்டுத்தான் போகும், அதனால் இன்னும் வேகம். ஏற்கெனவே திறந்திருந்த டிசிபி இணைப்புகள் மட்டும் அறுந்துவிடும், அவற்றை இது காப்பாற்றாது. பிரவுசரில் யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை, வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இணைப்பு) இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்ப வந்து மோதுவார்கள், அதற்கு கிளையன்ட் பக்கம் கொஞ்சம் முன்பின் காத்திருக்கும்படி எழுதிவைப்பது நல்லது.

சிலர் 3.6 விநாடி அதிகம் என்று பாக்கெட் இடைவெளியைக் கால் விநாடிக்குக் குறைக்கிறார்கள். வேண்டாம் என்பேன். எங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் ராத்திரி ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது விஎம் சற்று நேரம் உறைந்துபோகும். இடைவெளி குறைவாக இருந்தால் அந்த உறைவுக்கே ஐபி அங்கே ஓடி, விஎம் விழித்ததும் இங்கே திரும்பி ஓடும். ஒரு விநாடியிலேயே விட்டுவிட்டால் சின்ன உறைவுகள் தானாகக் கடந்துபோகின்றன.

இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் தன்னை மாஸ்டர் என்று நினைத்துக்கொள்வதுதான் இதில் மோசமான நிலை. பெரும்பாலும் காரணம் ஃபயர்வால்தான். விஆர்ஆர்பி டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை, ஐபியின் மேல் நேரடியாக ஓடும் 112-ஆம் எண் புரோட்டோகால், போகும் முகவரி 224.0.0.18. போர்ட் எண் தேடி விதி எழுதப் போனால் கிடைக்காது. யாரோ நல்ல எண்ணத்தில் ஃபயர்வாலை இறுக்குவார்கள், அப்புறம் பாதிப் பேருக்குத் தளம் வரும், பாதிப் பேருக்கு வராது, ஐந்து நிமிடம் கழித்து ஆட்கள் மாறுவார்கள். இரண்டு சர்வரிலும் ஒரே சமயத்தில் அந்த ஐபி இருக்கிறதா என்று மூன்றாவது இடத்திலிருந்து பார்க்கும் அலர்ட் ஒன்று கட்டாயம் வேண்டும்.

சரி, அரை உயிர் விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான மாதிரிகளில் ஹெச்ஏபிராக்ஸி ப்ராசஸ் இருக்கிறதா என்று மட்டும் கீப்அலைவ்ட் ஓட்டும் சோதனை ஸ்கிரிப்ட் பார்க்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள்: கில் கட்டளையால் ஹெச்ஏபிராக்ஸிக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்புங்கள். ப்ராசஸ் அப்படியே இருக்கும், ஸ்கிரிப்ட் நலம் என்று சொல்லும், ஒரு ரிக்வெஸ்ட்டுக்கும் பதில் வராது. அதனால் ஹெச்ஏபிராக்ஸியில் ஒரு மானிட்டர் யுஆர்ஐ (ஹெச்ஏபிராக்ஸியே பதில் சொல்லும் சோதனை முகவரி) வைத்து, அதை ஒரு விநாடி டைம்அவுட்டோடு கர்ல் மூலம் கேட்பதுதான் சரி. அடுத்தது வெயிட் கணக்கு, அதாவது ஸ்கிரிப்ட் தோற்றால் பிரையாரிட்டியில் எவ்வளவு குறைப்பது என்பது. மாஸ்டருக்கு 110, பேக்கப்புக்கு 100 கொடுத்துவிட்டு ஸ்கிரிப்டுக்கு வெயிட் -5 போட்டால், தோற்றாலும் 105 ஆகி அதுவே மாஸ்டராக உட்கார்ந்திருக்கும். லாகில் தோல்வி பதிவாகும், ஃபெயில்ஓவர் (ஐபி பேக்கப்புக்கு மாறுவது) நடக்காது. இந்தத் தப்பை நிறைய கான்ஃபிக்கில் பார்க்கிறேன். வெயிட்டே கொடுக்காமல் விட்டால் நேராக ஃபால்ட் நிலைக்குப் போய் ஐபியை விட்டுவிடும், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பின்னால் இருக்கும் வெப் சர்வர்களை ஹெச்ஏபிராக்ஸி அவ்வப்போது சோதிக்கும் ஹெல்த் செக்கிலும் இதே கதைதான், ஆனால் எதிர்த் திசையில். ஆழமாகச் சோதிக்கிறேன் என்று ஹெல்த் பக்கத்தில் டேட்டாபேஸையும் தொட்டுப் பார்ப்பார்கள். டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானால் எல்லா வெப் சர்வரும் சேர்ந்து செத்ததாகக் கணக்காகி, ஊருக்கே 503 (சேவை இல்லை) பிழை போகும். டேட்டாபேஸ் தேவைப்படாத பக்கங்களும் சேர்ந்து போய்விடும். எல்லா சர்வரும் பொதுவாக நம்பியிருக்கும் ஒன்றை ஹெல்த் செக்கில் சேர்ப்பதில் பலனே இல்லை, ஒன்றை நீக்கி இன்னொன்றுக்கு அனுப்புவதால் எதுவும் மாறப்போவதில்லையே. டேட்டாபேஸுக்குத் தனி அலர்ட் போதும்.

ஹெச்ஏபிராக்ஸியின் இயல்பான அமைப்பில் 2 விநாடிக்கு ஒரு சோதனை, 3 தோல்வி வந்தால் நீக்கு, 2 வெற்றி வந்தால் திரும்பச் சேர். அந்த ஐந்தாறு விநாடி இடைவெளியில் வரும் ரிக்வெஸ்ட்டுகளுக்கு ரீடிஸ்பேட்ச் ஆப்ஷனைப் போட்டுவைத்தால் இணைப்பு கிடைக்காதவை வேறு சர்வருக்குப் போகும். 2.0 பதிப்பிலிருந்து ஹெச்டிடிபி அளவிலும் மறுமுயற்சி செய்யச் சொல்லலாம், ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் அதைப் போடாதீர்கள், ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போகலாம்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: பேக்கப் சர்வரின் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் ஹெச்டிடிபி சோதனை பொது ஐபிக்கு வருவதால் மாஸ்டரில் மட்டுமே புதுப்பிப்பு நடக்கும். பேக்கப்பில் பழையது அப்படியே காலாவதியாகிக் கிடக்கும், ஃபெயில்ஓவர் நடக்கும் அன்றுதான் தெரியவரும். புதுப்பித்ததும் நகலெடுத்து அனுப்பி ரீலோட் செய்யும் ஹூக் (தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) கட்டாயம். நாங்கள் இதற்காகவே அவ்வப்போது பகல் நேரத்தில் வேண்டுமென்றே ஐபியை மாற்றிவிட்டு, சில நாள் அங்கேயே ஓட விடுகிறோம். அதற்கு நோப்ரீஎம்ப்ட் (ஐபியைத் திரும்பப் பிடுங்காதே என்ற அமைப்பு) போட்டு, இரண்டின் தொடக்க நிலையையும் பேக்கப் என்றே வைக்க வேண்டும், இல்லையென்றால் பிரையாரிட்டி அதிகமானது எழுந்ததும் ஐபியைப் பிடுங்கிக்கொள்ளும்.

அமேசான் போன்ற கிளவுடில் இருப்பவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம். அங்கே ஏஆர்பி அறிவிப்பால் ஐபி நகராது, ஏபிஐயைக் கூப்பிட்டுத்தான் நகர்த்த வேண்டும், அவர்களுடைய லோட் பேலன்சரையே வாங்கிக்கொள்வது நிம்மதி. சொந்த இடத்தில் வைப்பவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன், இரண்டு விஎம்மும் ஒரே ஹோஸ்டில் (நிஜ சர்வரில்) ஏறாதபடி மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.