வெளுத்துப்போன பழைய ஃபைபர் படகு: பாலிஷா, பெயிண்டா, மறுபடியும் ஜெல்கோட்டா?

உள்ளங்கையால் படகின் பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்தால் கை முழுக்க நீல மாவு. பழைய ஃபைபர் படகு வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தை விட்டு ஃபைபருக்கு மாறிய குடும்பங்கள் நம் கரையில் ஏராளம், அந்த வரிசையில் வந்த படகுகளில் இன்னும் தொழிலுக்குப் போகிறவை 20 வயதை ஒட்டியோ தாண்டியோ நிற்கின்றன. எங்கள் வீட்டுப் படகு அவ்வளவு பழசு இல்லை, 2010-ல் இறக்கியது, 28 அடி. அதைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரலாம் என்று கரையில் பேச்செடுத்தபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தர் காம்பவுண்ட், அதாவது பாலிஷ் போடுகிற பசை, போட்டுத் தேய் என்றார், இன்னொருத்தர் எனாமல் வாங்கி ஒரே நாளில் அடித்துவிடு என்றார், கார் பெயிண்டர் ஒருவர் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்றார், படகு கட்டும் யார்டில் மறுபடியும் ஜெல்கோட் அடிக்கச் சொன்னார்கள். நாலையும் நான் கிட்ட இருந்து பார்த்துவிட்டேன், சிலதை நானே செய்தும் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த மாவு என்ன என்று தெரிய வேண்டும். ஃபைபர் படகின் வெளித்தோல்தான் ஜெல்கோட், அதாவது நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். அச்சில் முதலில் அதைத்தான் பூசுவார்கள், அதன் மேல்தான் மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பும் ரெசினுமாக அடுக்கிக்கொண்டு போவார்கள். புதிதாக இருக்கும்போது சுமார் அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். வெயில் அந்த ரெசினை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது, பிடிப்பு போன நிறத்தூள் மட்டும் மேலே மிஞ்சுகிறது, கையில் ஒட்டுவது அதுதான். சிவப்பும் நீலமும் சீக்கிரம் அசிங்கமாகத் தெரியும். வெள்ளைப் படகும் இதே மாதிரிதான் மாவாகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எந்த வழி நல்லது என்று யாரிடமும் கேட்பதற்கு முன்னால் உங்கள் படகில் ஜெல்கோட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வாளி நல்ல தண்ணீரை எடுத்து வெளுத்த இடத்தில் ஊற்றுங்கள். நனைந்த இடத்தில் பழைய நிறம் ஆழமாகத் திரும்பி வந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, தேய்த்தால் வெளியே வரும். நனைந்தும் திட்டுத் திட்டாக வெளுப்பாகவே நின்றால், அல்லது நாரும் மேட்டின் பின்னலும் நிழல் மாதிரி தெரிந்தால், அங்கே தேய்க்க ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு அடிக்கு ஒரு அடி இடம் எடுத்து, வெறும் ரப்பிங் காம்பவுண்டால் கையால் தேய்த்துப் பாருங்கள். போதவில்லை என்றால் 1000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்), அதுவும் போதவில்லை என்றால் 800, கடைசியாக 600. மென்மையான தாளில் ஆரம்பித்துக் கீழே இறங்க வேண்டும். எடுத்தவுடன் 400 போட்டுவிட்டு, அந்தக் கீறலை எடுக்க மூன்று நாள் மெனக்கெட்டு, பாதி ஜெல்கோட்டை மணலில் உதிர்த்துவிட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன், ஜெல்கோட் இருக்கிற படகாக இருந்தால். தண்ணீர் விட்டுத் தாளால் தேய்த்து, பிறகு கம்பளிப் பேடு வைத்த பஃபிங் மெஷினில் காம்பவுண்ட், அதன் பிறகு ஃபோம் பேடில் பாலிஷ், கடைசியில் வேக்ஸ். பொருள் செலவு மற்ற எல்லாவற்றையும் விடக் குறைவு, ஆனால் உழைப்பு உண்டு. 28 அடிப் படகின் இரண்டு பக்கத்துக்கும் எங்களுக்கு மூன்று பேர் நான்கு நாள் பிடித்தது, கரையில் கரண்ட் இல்லாததால் ஜெனரேட்டர் வாடகை தனி. நல்லது என்னவென்றால் வேறு எதையும் மேலே ஒட்டவில்லை, படகின் சொந்தத் தோல்தான் பளபளக்கிறது, உரிய ஒன்றும் இல்லை.

இதில் ஒரே ஒரு தப்பு படகையே கெடுத்துவிடும், அது மெஷின் வேகம். பஃபிங் மெஷின் நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்குள் ஓட வேண்டும். நம் ஊரில் அது கையில் இல்லாதபோது நாலு இஞ்ச் கிரைண்டரில் பேடை மாட்டிவிடுகிறார்கள், அது ஓடுவது சுமார் 11,000 சுற்று. எங்கள் சித்தப்பா படகில் அப்படித்தான் நடந்தது. அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குப் பக்கத்தில் விளிம்பு திரும்புகிற இடத்தில் இரண்டு விநாடி நின்றுவிட்டது, புகை கூட வரவில்லை, கருகின வாசனை மட்டும் வந்தது, பேடை எடுத்துப் பார்த்தால் நீலத்துக்கு நடுவே நாலு விரல் அகலத்துக்குத் தேன் நிறத்தில் மேட் எட்டிப் பார்க்கிறது. விளிம்பிலும் மூலையிலும் ஜெல்கோட் மெல்லிசாகத்தான் இருக்கும், அங்கெல்லாம் மெஷினே வேண்டாம், கையால் தேயுங்கள்.

வேக்ஸ் எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டால், வெயிலில் மணலில் கிடந்து தினமும் உப்புத் தண்ணீரில் இறங்குகிற படகில் இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலை இழுக்கிற பக்கம் அதற்கும் முன்னாலேயே போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் ஒதுக்கி வேக்ஸை மட்டும் மறுபடி போட்டால் காம்பவுண்ட் வேலை ரொம்ப வருஷம் தேவைப்படாது. வேக்ஸ் போடாமல் வருஷா வருஷம் காம்பவுண்ட் மட்டும் போடுவது தோலைச் சீவிக்கொண்டே போவதுதான். இன்னொன்று, சிலிக்கான் கலந்த டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் எதையும் படகில் தடவாதீர்கள். இன்றைக்கு மினுங்கும், பிறகு ஒருநாள் பெயிண்ட் அடிக்கப் போனால் பெயிண்ட் அங்கங்கே வட்ட வட்டமாக விலகிக் குழி விழும்.

துடைத்துவிட்டாலே ஈரம் பட்ட மாதிரி மினுங்குகிற அக்ரிலிக் திரவங்கள் இருக்கின்றன, வெளிநாட்டில் பொழுதுபோக்குப் படகு வைத்திருப்பவர்கள் பலர் இதைத்தான் போடுகிறார்கள். தண்ணீர் மாதிரி இருக்கும், துணியால் ஐந்தாறு தடவை பூச வேண்டும், மெஷின் வேண்டாம், ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். ஏரியில் மிதிக்கிற படகுக்கு, நிழலில் கட்டி வைக்கிற படகுக்குச் சரி. தினமும் மணலில் இழுத்து ஏற்றுகிற படகுக்கு நான் சொல்ல மாட்டேன். அடியில் மாவு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அதோடு சேர்ந்து தோல் உரிகிற மாதிரி உரியும், மஞ்சளிக்கும், மிச்சத்தை எடுக்க அதைப் பூசியதைப் போல மூன்று பங்கு வேலை.

எனாமல் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டும், ஏனென்றால் கரையில் பாதிப் படகுக்கு மேல் இதுதான். கதவு ஜன்னலுக்கு அடிக்கிற அதே சிந்தெடிக் எனாமல். எந்தக் கடையிலும் கிடைக்கும், கலக்க வேண்டியது இல்லை, பிரஷ் போதும், மிச்சத்தை மூடி வைத்து அடுத்த மாதமும் அடிக்கலாம். கையில் காசு இல்லாத மாதத்தில் படகு பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்றால் இதை அடிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் வெயிலில் ஒரு வருஷத்துக்குள் இதுவும் மாவாகிறது, அதன் மேல் அடுத்த வருஷம் ஒன்று, அதன் மேல் இன்னொன்று என்று ஏறி ஏறி, ஒரு நாள் ஓரத்தில் நகத்தை விட்டால் சப்பாத்தி மாதிரி கழன்று வரும். அதைவிடப் பெரிய சிக்கல், எனாமலுக்கு மேல் பி.யூ. அடிக்க முடியாது, பி.யூ. தின்னர் பட்டதும் அடியில் இருக்கிற எனாமல் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். அதாவது இன்றைக்கு எனாமல் அடித்தால் பிறகு நல்ல பெயிண்டுக்கு மாற நினைக்கும்போது எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். பெயிண்ட் உரிக்கிற திரவத்தை ஊற்றலாமே என்றால், மரத்துக்கும் இரும்புக்கும் விற்கிற ரகம் ஜெல்கோட்டையும் சேர்த்து இளக்கிவிடும். சுரண்டியும் தாளும்தான் வழி.

பி.யூ. என்பது இரண்டு டப்பாவாக வருகிற பாலியூரித்தேன் பெயிண்ட், ஒன்று நிறம், இன்னொன்று ஹார்டனர். ஜெல்கோட் தேய்ந்து போய், ஆனால் அடியில் ஃபைபர் கெட்டியாக இருக்கிற படகுக்கு இதுதான் என் முதல் தேர்வு. பளபளப்பு கார் மாதிரி நிற்கும், ஒழுங்காக அடித்தால் எனாமலைப் போல பல மடங்கு காலம் தாங்கும், நிறம் சீக்கிரம் வெளுக்காது. ஆனால் பெயிண்ட் அடிப்பது கடைசி நாள் வேலை, அதற்கு முந்தைய நாட்களில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுவது. அடுத்து தின்னர் நனைத்த துணியால் வேக்ஸைத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுப்பது. அப்புறம்தான் தாள். வரிசையை மாற்றி முதலில் தாள் போட்டால் வேக்ஸையும் எண்ணெயையும் கீறலுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள், பெயிண்ட் பிடிக்காது. பிறகு எபாக்ஸி பிரைமர், அதை 320 தாளில் சமன் செய்து, மேலே மெல்லிசாக இரண்டு மூன்று கோட். ஒருவர் ஃபோம் ரோலரில் உருட்டிக்கொண்டே போக, இன்னொருவர் பின்னாலேயே நல்ல பிரஷ் நுனியால் லேசாக இழுத்துக்கொண்டு வந்தால் ஸ்ப்ரே அடித்த மாதிரியே வரும், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஸ்ப்ரே கன் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, புகை மாதிரி பறக்கும்போது மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வெளியிலிருந்து காற்று வருகிற மாஸ்க் இல்லாமல் அந்தக் கன்னைத் தொடாதீர்கள், ரோலருக்கும் பிரஷுக்கும்கூட மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பி.யூ.வுக்கு ஈரமும் எதிரி. காலை ஆறு மணிக்குப் போனால் படகு முழுக்கப் பனி முத்து முத்தாக நிற்கும், அது முற்றிலும் காய்ந்து, பத்து மணிக்குள் அடித்து முடித்து, மதியம் கடல்காற்று உப்போடும் மணலோடும் ஏறுவதற்குள் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிட வேண்டும். சாயங்காலம் அடித்து இரவுப் பனி விழுந்தால் மறுநாள் மினுக்கம் செத்துப் பால் பூத்த மாதிரி இருக்கும். வாடை மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருப்பதால் அப்போது பராமரிப்பை வைத்துக்கொள்கிறார்கள், நமக்குத் தடை இல்லாவிட்டாலும் பெயிண்டுக்கு அந்தக் காலம்தான் நல்லது. இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும்: படலம் மெல்லிசு. வலை ஈயமோ நங்கூரமோ பட்டுக் கீறினால் ஜெல்கோட் மாதிரித் தேய்த்து மறைக்க முடியாது, ஒட்டுப்போட்ட இடம் தெரியும். எந்நேரமும் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிற படகாக இருந்தால் நீர்மட்டத்துக்குக் கீழே சாதாரண பி.யூ. கொப்புளம் விடும். தினமும் கரையேற்றுகிற படகுக்கு அந்தப் பயம் குறைவு.

சரி, ஜெல்கோட்டே மறுபடி அடித்தால்? யார்டில் சொல்வது தப்பில்லை, பொருள் அதே பொருள், அரை மில்லி கனம் திரும்ப வரும், பிறகு பத்து வருஷம் தேய்க்கலாம். ஆனால் அச்சுக்குள் பூசும்போது அச்சு கொடுத்த கண்ணாடி மாதிரியான மேற்பரப்பு இப்போது வராது, ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளமாக நிற்கும். அதை 220-ல் ஆரம்பித்து 400, 600, 1000 என்று ஏறி, கடைசியில் காம்பவுண்ட் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுவென்று நிற்கும், அதற்காகக் கடைசிக் கோட்டில் வேக்ஸ் கரைசல் கலக்க வேண்டும். ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் பொதுவாக ஒன்று முதல் இரண்டு சதவீதம், டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் கலந்த கிண்ணம் கால் மணி நேரத்துக்குள் கல்லாகிவிடலாம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் வழி. கேட்டலிஸ்ட்டையும் அந்த இறுகலை வேகப்படுத்துகிற ஊதா நிற கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று ஊற்றாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ரெசினில் ஒன்றை முழுக்கக் கலந்த பிறகே மற்றது. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

முழுப் படகுக்கும் ஜெல்கோட் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அந்தக் கூலிக்கு வேறு எத்தனையோ செய்யலாம். ஆனால் அடிப்பகுதிக்கு அதைவிட நல்லது இல்லை. நம் படகு தினமும் மணலில் அடிவயிறு தேயத் தேயத்தான் ஏறுகிறது, அங்கே எந்தப் பெயிண்டும் ஒரு மாதம் நிற்காது, கனமான ஜெல்கோட்தான் தாங்கும். அங்கே மினுக்கமும் யாரும் பார்க்கப்போவதில்லை, 80 தாளில் நன்றாகக் கீறிவிட்டு, நார் தெரிகிற இடங்களை மேட் வைத்து மூடி, மேலே பூசிவிட்டால் போதும், பளபளப்பாக்குகிற வேலை முழுக்க மிச்சம். நார் வெளியே தெரிகிற படகு தண்ணீர் குடித்துக் குடித்துக் கனத்துக்கொண்டே போகும், பக்கம் எவ்வளவு மினுங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

எங்கள் படகில் கடைசியில் மூன்றும் கலந்துதான் செய்தோம். அடிக்கு ஜெல்கோட், வெயில் தின்ற தெற்குப் பக்கத்துக்கு பி.யூ., நிழல் பக்கம் தேய்த்ததிலேயே நீலம் திரும்பி வந்துவிட்டதால் அங்கே வேக்ஸோடு நிறுத்திவிட்டோம். இரண்டு பக்கத்து நீலமும் கொஞ்சம் வேறுதான், ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பார்க்க முடியாது என்பதால் பரவாயில்லை. பெயிண்ட் வாங்கும் முன் நிறத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் படகு நிறம் வைத்திருக்கிறார்கள். ஐஎன்டி-டிஎன் என்று ஆரம்பிக்கிற பதிவு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதன் பிறகு தேயுங்கள், திரும்ப எழுத வேண்டும்.

படகின் உள்பக்கம், நிற்கிற தளத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே வேக்ஸ், பாலிஷ், அக்ரிலிக் எதுவும் வேண்டாம். ஈரக்காலோடு அலையில் நின்று வலை இழுக்கிற இடம் அது, சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுக் கழுவி, வெளுத்தது வெளுத்தபடியே சொரசொரப்பாக இருக்கட்டும்.