21ஆம் எண் ஜெர்சி யாருக்கு? 6-2 பெஞ்சா, 5-3 பெஞ்சா

ஆகஸ்ட் 22 அன்று ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் ரக்பி: நம் தென்னாப்பிரிக்க ஸ்பிரிங்பாக் அணிக்கு எதிராக நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ். டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் பெரிய டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான ஆட்டம்) வந்தால் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியாளர் ராஸி எராஸ்மஸ் அணியை அறிவிப்பதற்கு முன் ஆளுக்கொரு தாளில் 23 பெயர் (ஆடும் 15, பெஞ்சில் 8) எழுதி, ஆயாவின் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அறிவிப்பு வந்ததும் டப்பாவைத் திறப்போம். யாருடைய பட்டியல் அதிகம் தவறியதோ அவர் கணக்கில்தான் அந்த வார பிராய் (தணலில் சுட்டுச் சாப்பிடும் விருந்து) இறைச்சி.

நான் என் தாளைப் போன ஞாயிறே மடித்துப் போட்டுவிட்டேன். பெஞ்சில் ஆறு ஃபார்வர்டு (முட்டித் தள்ளும் பெரிய ஆள்கள்), இரண்டு பேக் (பந்தோடு ஓடுபவர்கள்), அதாவது 6-2. பெரியப்பா 5-3 எழுதியிருக்கிறார், எழுதியதை மறைக்கவும் இல்லை. இரண்டு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு. இரு பக்கத்தையும் நியாயமாக வைக்கப் பார்க்கிறேன். என் மனம் எந்தப் பக்கம் என்பது மேலேயே தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு கணக்கு. எட்டு மாற்று ஆட்டக்காரர்கள் என்றதும் எட்டு இடத்துக்கும் சண்டை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 23 பேர் அணியில், இரு பக்க ஃபார்வர்டுகளும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரமின் முன்வரிசையில் மூன்று இடத்துக்கும் மாற்று ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 16, 17, 18 எண்கள் ஒரு ஹூக்கருக்கும் (அந்த வரிசையின் நடு ஆள்) இரண்டு ப்ராப்களுக்கும் (அவருக்கு இரு பக்கமும் நிற்பவர்கள்) போய்விடும். ஒரு லாக் (முன்வரிசைக்குப் பின்னாலிருந்து தள்ளும் உயரமான ஆள்) இல்லாமல் யாரும் வருவதில்லை, அது 19. ஒரு லூஸ் ஃபார்வர்டு (ஸ்க்ரமின் கடைசி வரிசை ஆள்), ஒரு ஸ்க்ரம்ஹாஃப் (ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் 9ஆம் எண் பேக்), எங்கேயாவது ஆடக்கூடிய ஒரு பேக் ஆகியோருக்கும் இடம் போனால் ஏழு நாற்காலி நிரம்பிவிட்டது. மிச்சம் ஒன்று. 5-3 அணியில் 21ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு ஸ்க்ரம்ஹாஃப் உட்கார்ந்திருப்பார், 22, 23 இரண்டும் பேக். 6-2 அணியில் அந்த 21 ஒரு ஃபார்வர்டின் முதுகில் இருக்கும். எங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் அந்த ஒரு ஜெர்சிக்காகத்தான்.

7-1 என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் லண்டன் ட்விக்கன்ஹாமில் பேக் வில்லி லெ ரூ கடைசி நேரத்தில் ஆட முடியாமல் போக, ஃபார்வர்டு குவாகா ஸ்மித் பெஞ்சுக்கு வந்தார். ஏழு ஃபார்வர்டு, ஒரே ஒரு பேக். நியூசிலாந்தை 35-7 என்று வீழ்த்தினோம். அடுத்த மாதம் அதே 7-1 அயர்லாந்திடம் 13-8 என்று தோற்றது. அதற்கடுத்த மாதம் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 12-11 என்று கோப்பையை வாங்கிக் கொடுத்தது. அக்கா மகன் இதைத்தான் எழுதியிருக்கிறான், பதினேழு வயசு. இந்த டெஸ்டுக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். ஆட்டத்தில் ஏழு பேக் ஓடும்போது ஒருவரை மட்டும் வெளியே வைப்பதற்கு, 80 நிமிடமும் எல்லாம் சரியாகப் போக வேண்டும்.

இனி பெரியப்பாவின் 5-3. அவருடைய ரக்பி எங்கே பிறந்தது என்று தெரிந்தால்தான் அந்தப் பிடிவாதம் புரியும். 1970இல் ஆல் பிளாக்ஸ் இங்கே வந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. நாட்டில் தொலைக்காட்சி இல்லை, 1976இல்தான் வந்தது. வானொலியில் கேட்டார்கள். அந்த அணியில் பிரையன் வில்லியம்ஸ் என்ற சமோவா வம்சாவளி விங்கர் (ஓரத்தில் ஓடும் பேக்), பத்தொன்பது வயது. அவரையும் மாவோரி ஆட்டக்காரர்களையும் "கௌரவ வெள்ளையர்" என்று முத்திரை குத்தித்தான் உள்ளே விட்டது அன்றைய நிறவெறி அரசு. நம் ஜனங்கள் அன்று கைதட்டியது ஸ்பிரிங்பாக்குக்கு அல்ல, அந்தப் பையனுக்கு. பச்சை ஜெர்சியை மனசாரப் போட்டுக்கொள்ளப் பெரியப்பாவுக்கு 1995 வரை ஆயிற்று. "ரக்பின்னா ஓரத்துல பந்து வாங்கி ஓடுறதுடா. நீ என்னமோ மாட்டு வண்டி மாதிரி ஆளுங்கள மாத்திக்கிட்டே இருக்கே" என்பார். அவரிடம் அதைத் தவறென்று எப்படிச் சொல்வது?

அவர் கையில் நல்ல சீட்டும் இருக்கிறது. 2023 உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்துக்கு எதிராக. அன்று பெஞ்ச் 5-3. ஆட்டம் கைநழுவிக்கொண்டிருந்தபோது 31ஆவது நிமிடத்திலேயே மேனி லிபோக்கை எடுத்துவிட்டு ஹான்ட்ரே பொலார்டை இறக்கினார்கள். ஃபாஃப் டி கிளெர்க் வந்தார், வில்லி லெ ரூ வந்தார். கடைசியில் ஏறத்தாழ 49 மீட்டரிலிருந்து பொலார்ட் அடித்த பெனால்டியில் 16-15. "மூணு பேக் இல்லேன்னா அன்னிக்கு மூட்டை கட்டியிருப்போம்" என்கிறார் பெரியப்பா. போன செப்டம்பர் 27 அன்று கிங்ஸ் பார்க்கில் அர்ஜென்டினாவை 67-30 என்று அடித்தபோது அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் இருந்தோம். சாஷா ஃபைன்பெர்க்-ம்ங்கொமெசுலு தனியாளாக 37 புள்ளி எடுத்தார், அதில் மூன்று ட்ரை (எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றுவது). பேக்குகளில் இப்படிப்பட்ட ஆள்களை வைத்துக்கொண்டு பெஞ்சை ஃபார்வர்டுகளால் நிரப்புவானேன் என்ற அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் நான் 6-2. காரணம் ஒன்றுதான்: இரண்டாவது லாக்.

பெஞ்சைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முன்வரிசையைத்தான் பேசுகிறோம். பாம்ப் ஸ்குவாட் (நம் பெஞ்ச் ஃபார்வர்டுகளின் பட்டப்பெயர்) என்றாலே ஐம்பதாவது நிமிடத்தில் மூன்று பெரிய ஆள்கள் கோட்டுக்கு வெளியே நிற்கும் படம்தான் கண்ணில் வருகிறது. அந்த மூன்று பேர் 5-3யிலும் வருவார்கள், 6-2யிலும் வருவார்கள். விதிப்படி வந்தே ஆக வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே அது யாருக்கும் சாதகம் இல்லை. கேள்வி, அவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது.

நான் ஸ்க்ரமுக்குள் தலை கொடுத்தவன் அல்ல. என் பள்ளியில் கால்பந்து மட்டும்தான். அதனால் இந்த இடத்தில் நான் சொல்வது பார்த்ததும் கேட்டதும். அக்கா மகன் பள்ளி அணியில் நாலாம் நம்பர், அதாவது லாக். அவன் சொன்னது இது: "மாமா, ப்ராப் தள்றதில்ல, தாங்குறாரு. தள்றது நாங்க. எங்க கால் செத்துப்போச்சுன்னா முன்னாடி எவ்ளோ பெரிய ஆளு புதுசா வந்தாலும் அவருக்கு முதுகுல ஒண்ணும் வராது." அவன் ஆடிய ஒரு ஆட்டத்தில் அதைக் கண்ணால் கண்டேன். முன்வரிசையை முழுவதும் மாற்றினார்கள். இரண்டு லாக்கும் முதல் நிமிடத்திலிருந்து ஓடிய பையன்கள். புதிதாக வந்த மூவரும் அடுத்த ஸ்க்ரமில் அப்படியே பின்னால் போனார்கள். முன்வரிசையை மட்டும் மாற்றிய அணி, குதிரையை மாற்றாமல் வண்டிச் சக்கரத்தை மாற்றியது போல நின்றது.

பெரிய ஆட்டத்தில் இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, யோகோஹாமா. பெஞ்ச் 6-2. முதல் பாதியின் நடுவிலேயே ஹூக்கர் போங்கி ம்போனாம்பியும் லாக் லூட் டி யாகரும் காயத்தோடு வெளியேறினார்கள். டி யாகர் இடத்துக்கு ஃபிராங்கோ மோஸ்டர்ட் வந்தார். பெஞ்சில் இன்னொரு லாக் இருந்தார்: இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஆர்.ஜி. ஸ்னைமன். இரண்டாம் பாதியில் எபென் எட்செபெத் இடத்துக்கு அவர் வந்தார். அதாவது ஒரு லாக்கை முதல் பாதியிலேயே இழந்த அணி, கடைசிப் பகுதியில் இரண்டு புது லாக்குகளோடு தள்ளிக்கொண்டிருந்தது. அன்று 5-3 வைத்திருந்தால் எட்செபெத் 80 நிமிடமும் நின்றிருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நடந்ததும் இதே பாடம்தான். இங்கிலாந்தின் ப்ராப் கைல் சிங்க்ளர் மூன்றாவது நிமிடத்தில் அடிபட்டு வெளியேற, டான் கோல் மிச்ச ஆட்டம் முழுவதும் ஸ்க்ரமில் நின்றார். அவரை நம் டர்பன் அணியான ஷார்க்ஸின் டெண்டாய் ம்டவரிரா, நாம் பீஸ்ட் என்று கூப்பிடும் மனிதர், முதல் பாதியில் பிழிந்து எடுத்தார். இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடத்தில் பீஸ்டுக்குப் பதில் ஸ்டீவன் கிட்ஷோஃப் வந்தார். கோலுக்கு மாற்று ஆள் கிடையாது. 32-12.

பெரியப்பா உடனே அரையிறுதியைத் திரும்ப எடுப்பார். அங்கே ஒரு லாக்தானே வெளியே இருந்தார், ஜெயிக்கவில்லையா? ஜெயித்தோம். அந்த இரவு பாரிஸில் மழை, சமவெளி, நின்று நின்று நடந்த உதை ஆட்டம். எல்லிஸ் பார்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் டர்பன்காரர்கள், கடல் மட்டத்தில் மூச்சு விட்டுப் பழகியவர்கள். அங்கே மேல் வரிசை இருக்கைக்குப் படியேறும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கும். 115, 120 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு லைன்அவுட்டில் (ஓரக் கோட்டிலிருந்து எறியும் பந்துக்கு) குதித்து, மாலில் (பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கூட்டமாக) தள்ளி, எழுந்து ஓடி மறுபடி டாக்கிள் போடும் ஒருவரை அந்தக் காற்றில் 80 நிமிடம் விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

உயரம் எதிராளிக்குத்தானே கஷ்டம், நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் நினைவிருக்கட்டும். அதே எல்லிஸ் பார்க்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 22-0 என்று முன்னணியில் இருந்தோம். பிறகு ஒரு புள்ளிகூட எடுக்காமல் 38 புள்ளி விட்டுக்கொடுத்து 38-22 என்று தோற்றோம். உயரம் நம் பக்கம் என்று நம்பிக் கிடக்க முடியாது. அந்த உயரத்தில் புதிய கால்கள் எத்தனை வைத்திருக்கிறோம் என்பதுதான் நம் பக்கம்.

2024இல் அங்கேயே ஆல் பிளாக்ஸிடம் பின்தங்கி இருந்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் 31-27 என்று வென்றோம். கடைசி இரண்டு ட்ரையும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள் போட்டவை. ஒன்று குவாகா ஸ்மித், ஃபார்வர்டு. மற்றது கிராண்ட் வில்லியம்ஸ், பேக். இதை வைத்து நானும் பெரியப்பாவும் ஒரு மணி நேரம் பேசினோம், முடிவில்லை.

சரி, 6-2க்கு நான் கொடுக்கும் விலை என்ன? ஒன்பதிலிருந்து பதினைந்து வரை ஏழு ஜெர்சிக்கு வெளியே இரண்டே பேர். இதற்குப் பதில் பெஞ்சில் இல்லை, தொடக்க அணியில் இருக்கிறது. என் தாளில் 10இல் (ஆட்டத்தை நடத்தும் பேக்) சாஷா. பெஞ்சில் ஸ்க்ரம்ஹாஃப் வில்லியம்ஸும் பொலார்டும். சாஷா 10, 12, 15 மூன்றிலும் ஆடுவார். ஆகவே ஃபுல்பேக் (15) காயத்தில் விழுந்தால் சாஷா பின்னால் போவார், பொலார்ட் உள்ளே. 12 விழுந்தாலும் அதே மாற்றம்தான். சாஷாவே விழுந்தால் பொலார்ட் நேராக வருவார், பெனால்டி அடிக்கக் கால் தேடி அலைய வேண்டியதில்லை. விங்கர் விழுந்தால்? வில்லியம்ஸ். 2023 உலகக் கோப்பையில் ருமேனியாவுக்கு எதிராக அவரை விங்கில்தான் இறக்கினார்கள். அன்று 23 பேரில் நான்கு பேர் ஸ்க்ரம்ஹாஃப், ஆட்டம் 76-0. இப்படிப் போட்டுப் பார்த்தால் இரண்டு பேர் ஆறு ஜெர்சியைத் தாங்குகிறார்கள்.

ஏழாவது ஜெர்சி 13, சென்டர் இருவரில் ஓரத்துக்கு அருகே நிற்பவர். அங்கே என் பட்டியல் மெலிந்துதான் இருக்கிறது. ஓரத்துத் தடுப்பு முழுவதும் அந்த ஒருவர் கண்ணில் தங்கியிருக்கிறது, அவர் ஓரடி முந்தினால் விங் திறந்துவிடும். 20ஆம் எண்ணை ஆண்ட்ரே எஸ்டர்ஹைசனுக்குக் கொடுத்திருக்கிறேன். நம் ஷார்க்ஸின் சென்டர், இப்போது ஃபிளாங்கராகவும் (ஒரு வகை லூஸ் ஃபார்வர்டு) இறக்கப்படுபவர். ஃபார்வர்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பேக் என்று சொல்லலாம். ஆனால் அவருடைய சொந்த இடம் 12. ஆல் பிளாக்ஸின் வேகமான ஓரத்துக்கு எதிராக 13இல் அவர் அரை மணி நேரம் தாங்குவாரா என்று கேட்டால், அதற்கு நான் உறுதி தர மாட்டேன். தலையில் அடிபட்டதற்கான சோதனைக்கு ஒரு பேக் போனாலும் 12 நிமிடம் இந்தக் கணக்கு ஆடிப்போகும். ஒரே நேரத்தில் இரண்டு பேக் விழுந்தால் பெரியப்பாவின் தாள்தான் சரி.

காயப் பட்டியல் மாறும், பெயர்கள் மாறும். தொடக்க லாக் இருவரில் யார் என்பதில் நானே இன்னும் இரண்டு தடவை மனசு மாற்றலாம். டப்பாவைத் திறந்து தாளை மாற்றக் கடைசி நாள் வரை அனுமதி உண்டு. நாற்காலிகளை மாற்ற மாட்டேன். அறிவிப்பு வரும்போது எல்லோரும் முதலில் 10ஆம் எண்ணைத் தேடுவார்கள். நான் கீழே போய் 19ஐயும் 21ஐயும் பார்ப்பேன். இரண்டும் லாக் என்றால் இறைச்சி பெரியப்பா கணக்கில்.