கம்பி பிரஷ்ஷா, வினிகரா?

குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்த பழைய டீசல் இன்ஜின் பாகங்களை மீண்டும் பூட்டுவதற்கு முன், மேல்துருவை நீக்க இரண்டு எளிய வழிகள் உண்டு: டிரில்லில் மாட்டிய கம்பி பிரஷ், அல்லது வினிகரில் ஊறவைத்தல்.

பிரஷ் வேகமானது, புல்லி, பிராக்கெட் போன்றவற்றுக்கு அதுவே போதும். ஆனால் கேஸ்கட் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) அமரும் முகத்தில் அது கீறலிடும். உதிர்ந்த கம்பித்துண்டு ஒன்று எண்ணெய்த் துளைக்குள் புகுந்தால் பேரிங் பாழாகிவிடும். (பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த பிரஷ்ஷைப் பிடிப்பவரைக் கண்டால் எனக்குப் பதற்றம்தான்.)

அவசரமில்லையெனில் நான் வினிகரையே தேர்வேன். சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம் கொண்ட சாதாரண வினிகர், பிரஷ் எட்டாத போல்ட் மரைகளுக்குள்ளும் ஓர் இரவில் ஊடுருவிவிடும். காலையில் துரு கருஞ்சேறாக இளகி, பழைய டூத்பிரஷ்ஷுக்கே வழிவிடும். எனினும் அலுமினியப் பாகங்களையும் பேரிங்குகளையும் வால்வு ஸ்பிரிங்குகளையும் அதில் போடக் கூடாது. எடுத்தவுடன் ஆப்ப சோடா கரைத்த நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, தாமதிக்காமல் எண்ணெய் பூச வேண்டும். நம் கடலோரத்தில் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் இரும்பின் மேல் மீண்டும் செம்மை படரத் தொடங்கிவிடும்.