தலைக்காயத்துக்குப் பிறகு தெரபி தேடி அலைந்த அனுபவம்

தோழி ஒருத்தி கேட்டாள். அவள் கணவருக்குத் தலையில் அடிபட்டு, ஆபத்துக் கட்டம் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டார். இனி எந்த தெரபிக்குக் கூட்டிப் போவது, எதில் பணத்தைப் போடாமல் இருப்பது என்று கேள்வி. அண்ணனுக்கு விபத்து நடந்து சில வருடங்களாகிறது. அன்றிலிருந்து எனக்கு இதே வேலை என்பதால், அவளுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஐசியு நாட்களைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் அண்ணனைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அந்த நன்றி என்றைக்கும் உண்டு. சிக்கல் டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

"ஸ்கேன் நார்மல். ரெஸ்ட் எடுக்கட்டும், போகப் போகச் சரியாகிவிடும்." ரிவ்யூவுக்குப் போகும்போதெல்லாம் இதே பதில். இதை நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், அவசர நேரத்தில் அதுதான் உயிர் காக்கிறது. ஆனால் அடியின் வேகத்தில் நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமாகியிருந்தால், பல நேரம் அது சிடியில் தெரியவே தெரியாது. கோமா ஸ்கோர் என்று சீட்டில் எழுதுகிறார்களே, அது 1974-இல் கிளாஸ்கோவில் இரண்டு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல். 3-இலிருந்து 15 வரை. 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் "லேசான காயம்" என்ற வகையில் போட்டுவிடுவார்கள். அடிபட்டவர் அந்த நேரத்தில் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்பதற்கான கணக்கு அது. அண்ணனால் ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க முடியவில்லை, வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் காதைப் பொத்திக்கொள்கிறார். இதை அந்த எண்ணை வைத்து எப்படிச் சொல்வது?

ரெஸ்ட் விஷயமும் அப்படித்தான். இப்படி லேசானது என்று வகைப்படுத்தும் காயத்துக்கு முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, அப்புறம் தலைவலி தாங்குகிற அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடமாட்டத்தைக் கூட்ட வேண்டும் என்பதுதான் இப்போதைய வழிமுறை. எங்களுக்கு அந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்லவில்லை. அண்ணன் வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடந்து, சோர்வு கூடியதுதான் மிச்சம்.

சரி, நல்லதைச் சொல்கிறேன். அதில் முதலிடம் தலைசுற்றலுக்குச் செய்த தெரபிக்கு. படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே அறை சுற்றுகிறது என்பார் அண்ணன். மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம்தான் வந்தது. கழுத்து வலிக்காகப் பார்க்கப் போன ஒரு பிசியோதெரபிஸ்ட் மட்டும் கேட்டார்: "புரளும்போது மட்டும் சுத்துதா? எவ்வளவு நேரம் சுத்தும்?" ஒரு நிமிடம்கூட இருக்காது என்றார் அண்ணன். உடனே கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பிப் பிடித்தபடியே சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. சில நொடிகளில் அண்ணனின் கண்கள் துடித்துத் துடித்துச் சுழல ஆரம்பித்தன. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். துடிப்பு அடங்கியதும் தலையை மறுபக்கம் திருப்பி, உடம்பையும் ஒருக்களிக்க வைத்து, முகம் தரையைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்து, எழுப்பி உட்கார வைத்தார். அவ்வளவுதான்.

உள்காதில் நுண்ணிய கால்சியம் துகள்கள் இருக்கின்றன. அடிபட்ட அதிர்ச்சியில் அவை இடம் பெயர்ந்து உடம்பின் சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை அசையும்போதெல்லாம் மூளைக்குப் பொய்த் தகவல் போகும். துகளைத் திரும்ப வெளியே உருட்டிவிடுவதுதான் சிகிச்சை. ஜான் எப்லி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் வகுத்த முறை இது. சக மருத்துவர்கள் பல காலம் நம்பவில்லை. அவருடைய கட்டுரை 1992-இல்தான் வெளியானது. அண்ணன் அன்றிரவு வலப்பக்கம் புரண்டு தூங்கினார். பிறகு இரண்டொரு முறை திரும்ப வந்தது, திரும்பச் செய்து சரியாக்கினார்கள். தலையில் அடிபட்டு வரும் தலைசுற்றல் இப்படித் திரும்புவது சகஜமாம். வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்துவிடாதீர்கள், கழுத்தில் அடி இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் இதைச் செய்யலாம்.

அடுத்தது ஸ்பீச் தெரபி. அண்ணன் நன்றாகப் பேசுகிறாரே என்று யாருமே அங்கே அனுப்பவில்லை. ஆனால் ஞாபகம், கவனம், வார்த்தை தேடித் தடுமாறுவது எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுப்பவர்களும் அவர்கள்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தே அண்ணனின் நாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த மணிக்கு அதைத் திறப்பது, முடித்ததும் எங்கே கோடு போடுவது என்பதையே பல வாரம் பழக்கினார்கள். ஞாபக சக்தி பழையபடி வந்துவிடவில்லை. ஆனால் மாத்திரையை இரண்டாம் முறை விழுங்குவது நின்றது.

ஆக்குபேஷனல் தெரபியில், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் பயிற்சியில், ரேடியோவைப் போட்டுவிட்டு வங்கிப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். முதல் நாள் பெயரை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ரேடியோவில் குரல் மாறியதுதான் காரணம். இப்போது முழுப் படிவத்தையும் முடிக்கிறார், மெதுவாக.

பணம் போட வேண்டாம் என்று நான் சொல்வது இரண்டு. மூளை தேறுவதற்கென்று கொடுக்கும் சிட்டிகோலின் மாத்திரை பற்றி 2012-இல் வந்த கோப்ரிட் என்ற ஆய்வில் 1,213 பேரை வைத்துப் பார்த்தார்கள், வெற்று மருந்தைவிட மேலான பலன் இல்லை. எழுதிக் கொடுத்திருந்தால் எதற்காக என்று மருத்துவரிடம் கேளுங்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் அறையும் அப்படித்தான். அமெரிக்க ராணுவத்தினரிடம் செய்த சோதனைகளில், போலியாக அறைக்குள் உட்கார வைத்தவர்களுக்கும் அதே அளவு முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பணத்துக்கு, ஞாபகம், கவனம், யோசனை எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிற நியூரோ சைக்காலஜிஸ்டிடம் முழு மதிப்பீடு செய்துகொள்ளலாம். மணிக்கணக்கில் நடக்கும், நோயாளி களைத்துப் போவார். ஆனால் எது கெட்டிருக்கிறது, எது கெடவில்லை என்று எழுத்தில் கிடைக்கும். அண்ணனின் அலுவலகம் அந்த அறிக்கையைப் பார்த்த பிறகுதான் அவர் சாக்குச் சொல்லவில்லை என்று நம்பியது. சோர்வு தீரவே இல்லையென்றால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், தலைக்காயத்தில் அதுவும் பாதிக்கப்படுவதுண்டு.

ஒரு வருடம் ஆனதும் "இனி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்" என்றும் சொன்னார்கள். வேகம் குறைவது உண்மைதான். ஆனால் அண்ணன் ரேடியோவோடு படிவம் நிரப்பியது அதற்கும் பிறகு.

இவ்வளவு பாராட்டிவிட்டு, திருப்தியா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். தெரபிஸ்டுகள் ஒவ்வொருவரும் அருமையானவர்கள். ஆனால் ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது, நான்தான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடினேன். சில நிமிடத்தில் தீர்ந்த தலைசுற்றலோடு அவர் மாதக்கணக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவருடைய திடீர்க் கோபத்தை எப்படித் தாங்குவது என்று அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க இன்றுவரை யாரும் முன்வரவில்லை. நாங்களே கேட்டு, அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.